மடித்த நுனி

வியாழன் விடிவதற்குள்
முழங்கால் உயரப் பனி என்கிறது வானொலி.
நாற்பத்தோரு வீட்டு வாசல்வழிகளை வழித்துக்கொடுக்க
முன்பணம் வாங்கி, அதைச் செலவழித்தும் ஆயிற்று.
எர்மீன் ஊயெட்டின் வழி மட்டும்
நாலரைக்கே திறந்திருக்க வேண்டும்.
அறுபது மைல் தள்ளி ஓர் இயந்திரம்
அவள் ரத்தத்தைக் கழுவக் காத்திருக்கிறது.

என் டிரக்குக்குச் சக்கரம் நாலு.
இழுப்பவை இரண்டு.

லீவரை இழுத்தால் 'டொக்'கென்று விழுகிறது,
விழவேண்டிய இடத்தில்தான்.
பச்சை விளக்குதான் எரியவில்லை.
பல்பை மாற்றினேன்;
எல்லோரும் முதலில் பல்பைத்தான் மாற்றுவார்கள்.
புது பல்பும் இருட்டாகவே இருந்தது.

அக்காள் புருஷன் ரொசேர் வந்தான்.
கையுறையைக்கூடக் கழற்றாமல் சொன்னான்:
"டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு, ஓடீல்.
ரெண்டாயிரம் டாலர் பழுக்கும்.
பேசாமல் வித்துடு.
வேணும்னா நானே எடுத்துக்கறேன்."
அந்த 'வேணும்னா'வில்
ஏப்பத்தின் வாசம் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை. மைனஸ் பத்தொன்பது.
மண்ணெண்ணெய் அடுப்பு
கொட்டகையின் ஒரு மூலையை மட்டும்
தன் சொந்தக்காரனாக நினைத்துச் சூடாக்கியது.
முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி,
லீவரைப் போட்டுவிட்டு,
வலச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.

சுற்றியது.
சும்மா, ராட்டினம் மாதிரி,
யாருக்கும் சொந்தமில்லாமல்.
இடது அசையவில்லை.
முன் தண்டோ
இரும்புப் பிடியில் இறுகி நின்றது.
அப்படியானால் பெட்டி நல்ல பெட்டி.
ரொசேர், உன் ரெண்டாயிரத்தை நீயே வைத்துக்கொள்.

அச்சுக் குழாயின் வயிற்றில் ஒரு கவை இருக்கிறது.
வெற்றிடம் உறிஞ்சினால் அது நகரும்,
வளையத்தைத் தள்ளும்,
இரண்டு துண்டு அச்சு ஒன்றாகும்.
அதன் வாயில் கைப்பம்பைச் செருகி
நாலு முறை அழுத்தினேன்.
முள் பதினைந்தில் ஏறி நின்றது.
உள்ளே கவை நகர்ந்த சத்தம்
என் பல்லில் கேட்டது.

அச்சு நன்றாக இருக்கிறது.
கவை நன்றாக இருக்கிறது.
மிச்சம், ஒரு விரல் கனமில்லாத ரப்பர் குழாய்.
அதில் பம்பைச் செருகினேன்.
முள் எழுந்தது, விழுந்தது,
எழுந்தது, விழுந்தது.

எலி! என்றேன் உரக்க.
போன மாதமே பொறி வைத்து
இரண்டைக் கொன்றிருந்தேன்,
ஹீட்டர் பெட்டியில் கூடு கட்டிய குற்றத்துக்கு.
வன்மத்தோடு குழாயைத் தடவிக்கொண்டே போனேன்,
பல் பட்ட இடத்தைத் தேடி.

பல் படவில்லை.
புகைக்குழாயின்மேல் சாய்ந்து கிடந்த இடத்தில்
ரப்பர் வெந்து, கருகி, வாய் பிளந்திருந்தது.
பக்கத்துச் சட்டத்தோடு அதைக் கட்டியிருந்தது
ஒரு சுற்றுக் கறுப்பு டேப்.
டேப்பின் நுனி உள்ளே மடிக்கப்பட்டிருந்தது,
பிறகு உரிக்கச் சுலபமாக இருக்கட்டுமென்று.

இந்தப் பள்ளத்தாக்கில்
டேப் நுனியை அப்படி மடிப்பவள்
ஒருத்திதான்.

மூன்று வருடத்துக்கு முன் ஸ்டார்ட்டர் மாற்றினேன்.
குழாய் குறுக்கே வந்தது, ஒதுக்கிக் கட்டினேன்,
நாளைக்கு எடுத்துவிடலாம் என்று.
தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள்.
என் வினை பொறுமைசாலி,
மூன்று குளிர்காலம்
சிறு தீயில் வைத்துச் சுட்டது.

கடை பூட்டியிருக்கும்.
ஃபெர்னாண்டின் மேப்பிள் தோப்பில்
சாறு உறிஞ்சும் நீலக் குழாய்ச் சுருள் கிடந்தது,
அதுவும் வெற்றிடத்தில் வாழ்வதுதான்.
இரு முனைக்கும் ரப்பர் துண்டு மாட்டி,
சூட்டை விட்டு ஒரு முழம் தள்ளி,
கம்பியால் கட்டினேன்.
டேப்பைத் தொடவில்லை.

என்ஜினைக் கிளப்பி, லீவரை இழுத்தேன்.
ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.
பச்சை.

ராத்திரி ரொசேர் போன் பண்ணினான்.
"என்ன, கேஸ்தானே?"

அடுப்பின்மேல் காய்ந்துகொண்டிருந்த கையுறையைப் பார்த்தபடி
சொன்னேன்:
"இல்லை. எலி."